மூன்றாவது மோதல்

மகள் கெஞ்சிய பிறகும் மூன்றாவது முறை ஏன் அந்த விமானத்தைத் தரையில் மோதவிட்டேன்?

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டின் புதிய பதிப்புகளை, அவை வெளியாகும் முன் நெல்லித்தோப்பில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே சோதிப்பது என் வேலை. எந்தப் பிழையையும் மூன்று முறை நிகழ்த்திக் காட்டினால்தான் நிறுவனத்தில் ஏற்பார்கள். அன்றைய பிழை, விமானம் வெடித்துச் சிதறிய பிறகும் பயணிகளின் அலறல் நிற்காதது.

முதல் முறை, மடியிலிருந்த நான்கு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் முறை, "வேணாம்மா, அப்பா உள்ள இருக்காரு!" என்று கையை இழுத்தாள். பிரான்ஸில் வேலை செய்யும் அப்பா விமானத்தில்தான் வருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பொம்ம ப்ளேன்டி. இன்னும் ஒரே வாட்டி, சும்மா இரு" என்றேன்.

மூன்றாம் முறை தீ எழுந்ததும் என் கையை ரத்தம் வரக் கடித்தாள். ஓங்கி அறைந்தேன். மேசை விளிம்பில் மோதி அவள் உதடு கிழிந்தது. அப்போதும் கணினியில் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் கணவர் வீடியோவில் அழைத்தார். "உதட்டுல என்னாச்சு?"

"விழுந்துட்டா" என்றேன்.

அவளோ, "நீ வராதப்பா. அம்மா இடிச்சிடும்" என்றாள்.

அடுத்த மாதம் அவர் வருகிறார். அதற்குள் இந்தக் குழந்தையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.