அஞ்சலை எடுத்த அழைப்புகள்

அஞ்சலை காலமான செய்தி வந்தபோது, நான் பக்கத்துக் கடைக்காரரிடம் எங்கள் கடையின் போன் மெஷினைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். செஞ்சிக் கோட்டையை ஒற்றை ஆளாகப் பிடித்தவன்கூட அவ்வளவு பேசியிருக்கமாட்டான். அப்போது அஞ்சலையின் மகள் தேவி என் செல்லுக்கு அழைத்தாள். "மாமா, அம்மா காலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிடுச்சி."

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் மோட்டார் ரிப்பேர் கடையில் பதினெட்டு வருடம் போன் எடுத்தவர் அஞ்சலை. கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் விவசாயிகள் அதன் சத்தத்தைத் தங்கள் வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். இவர் கேட்டுவிட்டு நோயைச் சொல்வார். ஒருமுறை வல்லத்துக்காரர் ஒருவர், "ம்ம்ம்ம்..." என்று மூச்சுமுட்ட முனகினார்.

"சுத்துதா, வெறுமனே முனகுதா?"

"முனகுது தாயி."

"ஒடனே ஆஃப் பண்ணு. மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு வரல. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா உள்ள காயில் கம்பி கருகிடும். அப்புறம் நீதான் முனகணும்."

இப்படி அவர் காப்பாற்றிய மோட்டார்களை வரிசையாக வைத்தால் திண்டிவனம் தாண்டும்.

பிறகு எனக்கு நவீனம் பிடித்தது. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று தானே பேசும் மெஷினை வாங்கிவந்தேன். அன்றைக்கு நான் நடந்த நடைக்கு அம்பாரி மட்டும்தான் பாக்கி. அஞ்சலை கேட்டது ஒரே கேள்வி: "ஏண்ணா, கயினில நிக்கிறவன் கையெல்லாம் சேறு. அவன் எந்த பட்டன அமுத்துவான்?"

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். "உலகம் ராக்கெட் வுடுது, நீ இன்னும் ம்ம்ம்னு கேட்டுக்கினு இருக்கியே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் அவரைப் பின்னறையில் பேரிங் பெட்டி அடுக்கப் போட்டேன்.

கடைக்கு வரும் வேலை குறையவில்லை. எல்லாம் மெஷினின் மகிமை என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். சிறு வியாபாரி எப்படித் துணிந்து புதுமைக்கு மாறவேண்டும் என்று வியாபாரிகள் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் முழங்கினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து அஞ்சலையும் கைதட்டினார். வெளியே வந்ததும், "நல்லாப் பேசினீங்கண்ணா. ஒருதபா நீங்களே அந்த மெஷினுக்குப் போன் போட்டுப் பாருங்க" என்றார். நான் போடவில்லை.

சாவு வீட்டில் அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேவி அதை என்னிடம் கொண்டுவந்தாள். "எல்லாம் உங்க கடை கஸ்டமருங்க, மாமா. மெஷின்ல மாட்டிக்கினு தவிக்கிறாங்கன்னு அம்மாவே இந்த நம்பரை எல்லாருக்கும் குடுத்துச்சி. கேட்டுட்டு, மோட்டாரை எடுத்துக்கினு கடைக்குப் போங்கன்னு அனுப்பும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

பின்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டே என் கடையை நடத்தியவர் அவர். அதற்கு நான் மேடையேறி மாலை வாங்கியிருக்கிறேன். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லும் எனக்கு, இந்த வெட்கத்தைப் பெரிதாக்கிச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. எடுத்தேன். பனமலையிலிருந்து ஒருவர்.

"அஞ்சலைம்மா, மோட்டாரு..."

"அஞ்சலை இல்லீங்க. இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க."

"அய்யோ தாயி..." என்று அரற்றினார். பிறகு, "நீங்க யாரு?" என்றார்.

மெஷின் வாங்கிய முதலாளி என்று சொல்ல வாய் வரவில்லை. "அவங்க கடையில வேலை செய்யறவன்" என்றேன்.

மெஷினைக் கழற்றிவிட்டேன். தேவியிடம் கேட்டு, அந்த நம்பரை நான் வைத்துக்கொண்டேன். அடித்தால் நான்தான் எடுக்கிறேன். பாதிச் சத்தம் எனக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.