வகுப்புக்கு ஒரு புங்கங்கன்று

விளாங்குடியில் மகள் படிக்கும் பள்ளியில் நேற்று மரம் நடுவிழா. சேவைச் சங்கத்தார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கன்று கொடுத்தார்கள். காய்ந்த குழியில் முதல் குடம் தண்ணீர் விழுந்து மண் மணந்ததும், மனசுக்குள் நான் உசிலம்பட்டியில் என் பழைய பள்ளி மைதானத்தில் நின்றேன்.

அன்றும் மதுரையிலிருந்து ஒரு சங்கத்தார் வந்திருந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுத் துணி மணக்கும் பேனர், எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய். கன்றுகள் இருந்த மூட்டையை மட்டும் மதுரை பஸ் ஸ்டாண்டிலேயே மறந்துவிட்டார்கள். செயலாளர் கையில் இருந்த ஒரே புங்கங்கன்றுதான் மிச்சம். மனிதர் அசரவில்லை. அதையே ஒவ்வொருவரிடமும் கொடுத்து, குழியில் வைக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, காதோரம் சொன்னார்: "இது உன் மரம்ப்பா. நீதான் காப்பாத்தணும்."

அத்தனை பேரும் நம்பிவிட்டோம். மறுநாள் மணியடிக்கும் முன்பே வகுப்பு முழுக்கத் தண்ணீர் பாட்டிலோடு நின்றது. "தள்ளுடா, இது என் மரம்" என்று ஒரே சண்டை. குழி குளமானது, சில நாளில் இலை பழுத்தது.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி ஊத்துனா அழுகிப் போகும்ல. ஒரு நாளைக்கு ஒருத்தர் ஊத்துங்க."

கோடை விடுமுறையில்கூட ஒருவரும் தன் முறையை விடவில்லை. ஆளுக்கொரு கன்று கிடைத்திருந்தால் பாதி அந்த மாதமே காய்ந்திருக்கும்.

நேற்று மாலை, இன்னும் உசிலம்பட்டியிலேயே இருக்கும் வகுப்புத் தோழன் சேசுராஜுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, நம்ம மரம் நிக்குதா?"

"நல்லா நிக்குது. அதுக்கடியிலதான் பிள்ளைக சாப்பிடுதுக." உடனே திருத்தினான்: "ஆனா நம்ம மரம்னு சொல்லாத மாப்ள. அது என் மரம்."