உள்பக்கம் திருப்பிய சட்டைகள்

என் அக்கா தையல்காரி. தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலைக் காட்டித்தான் செயலியில் வீடியோ போடுவாள். அதைப் பார்த்து வந்தவர்களால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே செயலியில்தான் அவள் மகளைக் குண்டு என்று கேலி செய்து அழவைத்தார்கள்.

அரசு அந்தச் செயலியைத் தடைசெய்தது. நான் கொதித்தேன்.

"உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்களேக்கா!"

"போட்டாங்கதான். அதுக்காகத் தப்புன்னு சொல்லிருவேனா? பாப்பா இப்பதான்டா நிமிர்ந்து நடக்குறா. கத்தாம இங்க ஒரு ஆணி அடி."

ஜன்னலில் அடித்தேன். சட்டைகளை உள்பக்கம் திருப்பியே தொங்கவிட்டாள். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள், நின்று தையலைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு அளவு கொடுத்தார்கள்.

நேற்று, அக்கா இறந்த துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், ஜன்னலில் தொங்கிய சட்டையை நேராக்கப் போனார். மகள் விடவில்லை.

"இருக்கட்டும் மாமா. அம்மா சரியாத்தான் மாட்டியிருக்காங்க."