குமிழி வந்ததா, வரவில்லையா?

இன்ஷிராஹ் என்றால் மனம் விரிந்து மகிழ்வது என்று அர்த்தம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த டாக்டர் இன்ஷிராஹின் அப்பா, பெயர் வைக்குமுன் பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று பொறுத்திருக்கலாம். எங்கள் ஊர் தமன்ஹூரில் அவரைவிடக் கோபக்காரர் யாரும் இல்லை. குடல் அறுவை செய்பவர். நான் ஸப்ரி, அவருடைய மேஜைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்க மருந்து கொடுப்பவன். என்னையும் திட்டுவார். அவர் கோபத்தில் முக்கால்வாசி நியாயமானது என்பதால் நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை ஒரு காரியத்தில் யாராலும் அசைக்க முடியாது. குடலில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்த பிறகு, தண்ணீர் பார்க்காமல் வயிற்றை மூட மாட்டார். இடுப்புக் குழியில் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றி, இணைப்பை முழுக்க மூழ்கடித்து, மேலே குடலை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கீழே ஆசனவாய் வழியாக ஒருவர் காற்றடிப்பார். சைக்கிள் ட்யூபைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பதுபோலத்தான். குமிழி வந்தால் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக மலம் வயிற்றுக்குள் கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அப்படிக் கசிந்த ஒரு பள்ளி ஆசிரியையின் வயிற்றை இன்ஷிராஹ் தன் கையாலேயே கழுவியிருக்கிறார். வேறொருவர் அவசரமாக மூடிய வயிறு அது. அந்த அம்மா பிழைக்கவில்லை.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ஷவ்கிக்கு வேறொரு பழக்கம். குடல் முனைகளைச் சேர்க்கும் மிஷினைக் கழற்றியதும், அதற்குள் இரு முனையிலிருந்தும் வெட்டுப்பட்ட இரண்டு சதை வளையங்கள் இருக்கும். இரண்டும் முழுசாக இருந்தால் இணைப்பு சரி என்று அவர் உடனே கையுறையைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். அங்கே நோயாளியின் மொத்தக் குடும்பமும் காத்திருக்கும். "மப்ரூக்! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று வாழ்த்துவார். பெண்கள் குலவையிடுவார்கள், ரோஸ் சர்பத் கைமாறும், அவர் கையை முத்தமிட வரிசை நிற்கும். உள்ளே வயிறு திறந்தே கிடக்கும். எனக்கு அந்த மனிதரின் வெட்கங்கெட்ட சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஹாஜி அப்துல் முஃதியின் அறுவையன்றும் அதுதான் நடந்தது. ரஷீது சாலையில் மைக்ரோபஸ் ஓட்டுகிறவர். மலக்குடலில் புற்று. கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைச் சுருக்கியிருந்தார்கள். அவருக்குச் சாவைவிட, மலம் விழ வயிற்றில் பை மாட்டுவதுதான் பயம். முதல் நாளே இன்ஷிராஹிடம் கெஞ்சினார்.

"டாக்டரம்மா, பை மட்டும் வேணாம். தொழுகைக்குக் கை கால் கழுவுன ஒளூ நிக்குமா நிக்காதான்னு தெரியாம நான் எப்படி பள்ளிவாசல்ல முதல் வரிசைல நிப்பேன்?"

"நிக்கும், இமாமைக் கேளு, சொல்லுவார். பை வேணுமா வேணாமான்னு நாளைக்கு உன் குடல் சொல்லும். நான் இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் வளையங்கள் இரண்டும் முழுசாக வந்தன. ஷவ்கி கையுறையைக் கழற்றினார்.

"தலைவரே, இன்னும் தண்ணி பாக்கல" என்றார் இன்ஷிராஹ்.

"பாரும்மா, பாரு. நல்லா குளிப்பாட்டியே மூடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே குலவை கிளம்பிய அதே நேரத்தில் உள்ளே குமிழி கிளம்பியது. இணைப்பின் பின்பக்கம், இடது ஓரம். ஷவ்கி உதட்டில் சர்பத் சிவப்போடு திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தும்போது மாட்டுன காத்து அது. பேசாம மூடு."

அப்படி நடப்பதும் உண்டுதான். அதனால் இன்ஷிராஹ் தண்ணீரை முழுக்க உறிஞ்சி எடுத்து, மெதுவாக மறுபடி ஊற்றி, அலை அடங்கும்வரை காத்திருந்து, காற்றடிக்கச் சொன்னார். அதே ஓரத்தில் மறுபடியும் குமிழி. தைத்தார். ஊசி சரியாகப் போகாத இண்டு அது. தைத்து முடித்து மறுபடி பார்த்தபோது குமிழி நின்றிருந்தது.

"பாத்தியா, நின்னுருச்சு. மூடு" என்றார் ஷவ்கி.

"கதிர் வாங்குன சதை இது. இன்னைக்குப் பிடிச்ச தையல் நாலு நாள்ல விட்டுரும். இது ஆறுற வரைக்கும் மேல சிறுகுடல வெளிய எடுத்துப் பை வைக்கப் போறேன்."

"ஏய், நான் வெளிய போய்ப் பை இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்!"

"உங்க வாய்க்கு நான் தையல் போட முடியாது. இவர் குடலுக்குத்தான் போட முடியும்."

ஷவ்கி என்னைப் பார்த்தார். "ஸப்ரி, இவளுக்கு நீயாவது சொல்லேன்."

"ஆள் நல்லா தூங்குறாரு தலைவரே. எவ்வளவு நேரம்னாலும் தூங்க வைப்பேன்" என்றேன். ஷவ்கி சட்டையை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

குடும்பத்திடம் சொல்ல இன்ஷிராஹ்தான் போனார். ஹாஜியின் மனைவி ஸகிய்யா கையில் இன்னும் சர்பத் டம்ளர் இருந்தது.

"பெரிய டாக்டர் பை இல்லன்னாரே?"

"அவர் முழுசாப் பாக்காம சொல்லிட்டார். ஓட்டை இருந்துச்சு, தச்சேன். ஆறுற வரைக்கும் பை வேணும்."

"ஓட்டையப் போட்டதே நீயாத்தான் இருக்கும்! எங்க சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட்டியே, பாவி!" ஸகிய்யா டம்ளரோடு சர்பத்தை அவர் மேல் வீசினாள். வெள்ளைக் கோட்டு முழுக்கச் சிவப்பு. இன்ஷிராஹ் துடைக்கக்கூட இல்லை. உள்ளே வந்து கருவித் தட்டு வண்டியை ஓங்கி ஓர் உதை உதைத்தார், அது சுவரில் போய் மோதியது.

ஹாஜி வண்டி ஓட்டுவதை விட்டார். பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். பரிசோதனைக்கு வந்தால் ஹாஜி இன்ஷிராஹின் முகத்தைப் பார்க்க மாட்டார், ஸகிய்யா பார்த்து முறைப்பாள்.

வெயில் காலம் வந்தபோது, பையை எடுக்கலாமா என்று பார்க்கக் கீழிருந்து மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தோம். எங்கேயும் கசிவு இல்லை. இணைப்பு சுத்தமாக ஆறியிருந்தது. படத்தை முதலில் கையில் எடுத்தது ஷவ்கி. எடுத்ததும் கால் தானாகத் தாழ்வாரத்துக்குப் போனது.

"மப்ரூக், ஸகிய்யாம்மா! இணைப்பு இரும்பு மாதிரி இருக்கு. பை தேவையே இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன். சில பேருக்குக் கை நடுங்கும், என்ன பண்றது."

தையல் விட்டிருந்தால் இவர் பின்வாசலில் இருந்திருப்பார். விடாததால் முன்வாசலில் நிற்கிறார். பை வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இனி எந்தப் படமும் காட்டாது, அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு பேச்சும்.

ஸகிய்யா இன்ஷிராஹ் பக்கம் திரும்பினாள். "அப்ப எம் புருஷன் இத்தன மாசம் சும்மாவா கடைசி வரிசைல நின்னாரு?"

இன்ஷிராஹ் அவளைத் தாண்டி நடந்தார். ஷவ்கிக்கு நேரே போய் நின்றார்.

"நீங்களே சொல்லுங்க தலைவரே. அன்னைக்கு ஓட்டைலேருந்து குமிழி வந்துச்சா, வரலையா?"

"அதான் தச்சதும் நின்னுருச்சே..."

"முதல்ல வந்துச்சா, வரலையா?" இப்போது கேட்டது ஸகிய்யா.

ஷவ்கி என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

"வந்துச்சு" என்றார். "ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயா? அப்ப நீ என்னத்தப் பாத்துட்டு வெளிய வந்து என்னைக் குலவ போட வச்ச?"

ஷவ்கி படத்தை என் கையில் திணித்துவிட்டு நடந்தார்.

ஸகிய்யா இன்ஷிராஹ் பக்கம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. "உம் மேல எனக்கு இன்னும் கோவம் தீரல, சொல்லிட்டேன். ஆனா பைய எடுக்கறன்னைக்கு அந்தாளு வெளிய வரக்கூடாது. நல்லதோ கெட்டதோ, நீ வந்து சொல்லு. அது வரைக்கும் நான் குலவைக்கு வாயத் தொறக்க மாட்டேன்."

"எனக்கும் உம் மேல தீரல" என்றார் இன்ஷிராஹ். "அந்தக் கோட்டுக் கறை இன்னும் போகல. அன்னைக்கு நான் வர்றப்ப கைல டம்ளர் இருக்கக்கூடாது."