ஒரு தட்டுக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டு அக்கா முதலில் செய்வது, நாற்காலி போட்டு ஏறி, வாசல் மணிப் பெட்டியிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் கழற்றுவது. கழற்றியதை அப்படியே ரேடியோவில் போடுவார். மணி ஊமையாகிவிடும், ரேடியோ பாட ஆரம்பிக்கும். "வருஷம் பூரா அது கத்தும், நான் எழுந்து ஓடுவேன். இன்னிக்கு ஒரு நாள் அது பாடட்டும், நான் உக்காந்து கேக்கறேன்" என்பது அவருடைய விளக்கம். கடையில் பேட்டரிக்கா பஞ்சம் என்று ஒரு தரம் கேட்டு, நன்றாக ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது மாடியில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர். கட்டடம் முழுக்க அவருக்குப் 'பல்செட் அக்கா' என்று பெயர். பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் முப்பத்திரண்டு வருடமாக வேலை. வாயில் எத்தனை பல்லோ அத்தனை வருஷம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "அன்னிக்கு லீவு கிடைக்கல" என்று பதில் தயாராக இருக்கும்.

அவரோடு பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். நாம் பேசுவதை அவர் காது கேட்டுக்கொண்டிருக்கும். கண் மட்டும் நம் வாயிலேயே இருக்கும். நான் குடி வந்த முதல் வாரம், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி மூச்சு விடாமல் புலம்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க இடது பக்கமே மெல்லறீங்க. வலது பக்கம் என்ன வலி?" என்றார். வலி இருந்தது. என் மனைவிக்கே தெரியாத வலி அது.

அவர் நகக்கண்ணில் எப்போதும் ஈறு நிறத்தில் ரோஸ் பொடி ஒட்டியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மேல் செட்டையும் கீழ் செட்டையும் சேர்த்து மூடிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல டக்னு விழணும். முன்னப்பின்ன விழுந்தா அந்த மனுஷன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது." டிசம்பர் வந்துவிட்டால் இந்த டக் சத்தம் கேட்டுக் கேட்டே காது புளித்துவிடும் என்பார். மற்ற மாதமெல்லாம் பொக்கை வாயோடு பொறுமையாக இருந்தவர்களுக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்குள் பல் வேண்டும். இருபத்து நான்காம் தேதி மாலை கடைசி செட் பெட்டிக்குள் போன பிறகுதான் அக்கா நிமிர்ந்து உட்காருவார். லேப் இரண்டு நாள் மூடிவிடும். "நாளைக்கு ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் கறியைக் கடிக்கப் போறாங்க. அதுக்கும் மேல அவங்களுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

அந்த ஒரு நாளை அவர் கொண்டாடும் அழகைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் வீட்டில் ஏழு பேர். இன்ன நேரத்தில் இன்னது சாப்பிட வேண்டும் என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். அக்காவுக்குப் பஞ்சாயத்து இல்லை. ஜூலை மாதமே ஒரு கடையில் ஏதோ ஒன்று வாங்கி, அங்கேயே கலர் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லி, அலமாரியில் துணிக்கடியில் செருகிவிடுவார். டிசம்பருக்குள் என்ன வாங்கினோம் என்பதே மறந்துபோகும். "பிரிக்கும்போது எனக்கே திடுக்குனு இருக்கும் தம்பி. போன வருஷம் ஒரு குடை. என்ன ரசனை தெரியுமா எனக்கு!" முழங்கால் உயர மரம் ஒன்று வைத்திருக்கிறார். அதில் பந்தும் மணியும் தொங்காது. லேபில் கழித்துப்போட்ட ஒற்றைப் பற்களை நூலில் கோத்துத் தொங்க விட்டிருப்பார். சின்ன விளக்குகள் மினுக்கும்போது மரமே இளிப்பது போல இருக்கும். குழந்தைகளுக்கு அது பயம். அக்காவுக்கு அது பெருமை.

கேக் ஒன்று செய்வார், டீக் கோப்பை அளவில். வெட்ட மாட்டார். கரண்டியை நடுவில் விட்டுத் தோண்டிச் சாப்பிடுவார். தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டு ஒன்று இருக்கிறது. செட்டில் மிச்சம் ஐந்தும் உடைந்து, தப்பிய ஒன்று. வருஷத்தில் அன்று மட்டும்தான் அது அலமாரியை விட்டு இறங்கும். ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே பாடுவார். மெல்லிய குரலில் ஒரு வரி, தடித்த ஆண் குரலில் ஒரு வரி என்று பாடகர் குழு முழுவதையும் தன் ஒற்றைத் தொண்டையில் நிறுத்தப் பார்ப்பார். ஒரு குரலும் சுருதியில் நிற்காது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது.

இத்தனை சந்தோஷத்துக்கும் அடியில் ஒரு பொய் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு தங்கை. ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் பெரிய வீடு, மாமனார், மாமியார், கொழுந்தன்மார், பிள்ளைகள் என்று பண்டிகைக்குப் பதினாலு பேர் கூடுவார்கள். அக்கா ஒரே ஒரு வருஷம் போய்ப் பார்த்தார். கேக் வெட்டி முடிப்பதற்குள் பெரியவர்கள் மூன்று பேர், "இது கொஞ்சம் குத்துது, பாரும்மா" என்று பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்களாம். "கேக் பக்கத்துல மூணு செட்டு தம்பி! என்னைப் பார்த்து சிரிக்குது!" அடுத்த வருஷத்திலிருந்து, கிறிஸ்துமஸுக்கு லேபில் டியூட்டி என்று தங்கையிடம் சொல்ல ஆரம்பித்தார். பதினோரு வருஷம் அந்தப் பொய் நன்றாக ஓடியது.

அதைக் கெடுத்தவன் நான்.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தங்கை எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அக்காவே என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். "அக்கா போனை எடுக்கல. பாவம், பண்டிகை அன்னிக்கும் டியூட்டியாமே, எத்தனை மணிக்கு வருவாங்க?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "டியூட்டியா? அன்னிக்கு லேப் லீவாச்சே. வீட்டுல பாடிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து "அப்படியா" என்று ஒரு வார்த்தை. போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் மாலை மாடிப்படியில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் உருளைக்கிழங்குப் பையோடு அப்படியே நின்றுவிட்டார். "உங்க வாய்க்குப் பல் செய்யக் கூடாது தம்பி, பூட்டு செய்யணும்" என்றார். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை. "அவங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். அடுத்த வாரமே போய் மூணு நாள் இருப்பேன். இந்த ஒரு நாள்தான் எனக்குன்னு வச்சிருக்கேன். இதைச் சொன்னா அவ என்ன நினைப்பா? எங்க அக்காவுக்கு எங்களை வேண்டாம்னு நினைப்பா. அழுவா. அவ அழுதா நான் போயிடுவேன். ஒரு தடவை போயிட்டா அப்புறம் வருஷா வருஷம்தான்." எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பதினோரு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. தங்கைதான். அக்கா வீட்டு மணியை அழுத்தி அழுத்தி விரல் சிவந்திருந்தது. உள்ளே அக்கா ஆண் குரலில் முழங்கிக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவை இரண்டு கையாலும் குத்திய பிறகு பாட்டு நின்றது. கதவு திறந்தது. புது உடுப்பு, ஒரு காலில் சிவப்பு, ஒரு காலில் பச்சை என்று காலுறை, வாயோரத்தில் கேக் தூள். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டார்.

"வரப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே அக்கா. பதினோரு வருஷமா, பாவம் வேலை செய்யறாளேன்னு நான் சாப்பிடும்போதெல்லாம் நினைச்சிருக்கேன்." தங்கையின் கண் நிறைந்துவிட்டது. "கிளம்பு. அவர் கீழ கார்ல இருக்கார்."

அக்கா கதவை விட்டு விலகி நின்றார். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது, நின்றேன். தங்கை உள்ளே வந்தார். பல் தொங்கும் மரத்தைப் பார்த்தார். மேசையில் ஒற்றைத் தட்டைப் பார்த்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

"என்ன இவ்வளவு அமைதியா இருக்கு" என்றார்.

"அதுக்குத்தான்" என்றார் அக்கா. பிறகு வழக்கம்போல் தங்கையின் வாயையே பார்த்தார். பக்கத்தில் போய்த் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஆன்னு காட்டு. ஏண்டி, தூக்கத்துல பல்லைக் கடிக்கறியா? பின்பல் ரெண்டு பக்கமும் தேஞ்சு போயிருக்கே!"

வாயைத் திறந்தபடியே தங்கை அழத் தொடங்கிவிட்டார். இது வேறு அழுகை. "காலையில நாலு மணியில இருந்து அடுப்படியிலயே நிக்கறேன் அக்கா. பதினாலு பேரும் எனக்குப் பசிக்குதுங்கறாங்க. ஒருத்தர் கூட நீ உக்காருன்னு சொல்லல. இப்ப கார்ல வந்த நேரம்தான் உக்காந்தேன்."

அக்கா தங்கையின் போனை வாங்கிக் கீழே காரில் இருந்தவரிடம் பேசினார். "உங்க வீட்டம்மா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. சமைச்சு வச்சாச்சாம், எடுத்துப் போட்டுச் சாப்பிடப் பதினாலு பேருக்கும் கை இருக்குல்ல? பல் குத்துதுன்னா அடுத்த வாரம் நான் வந்து பாக்கறேன்." வைத்துவிட்டார்.

"நான் உன்கூட இருந்தா உன் நாள் கெட்டுப்போகுமே" என்றார் தங்கை.

"என்கூட யாரு இருக்கச் சொன்னா? நீ உள் ரூம்ல தனியா இரு. நான் இங்க தனியா இருக்கேன். செருப்பைக் கழட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க வீட்டுல உங்களுக்கு நாற்காலி இல்லையா?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு நடை தெரியும். எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை, எனக்கு உண்டு. பன்னிரண்டு மணிக்கும் பார்த்தேன், இரண்டு மணிக்கும் பார்த்தேன். உள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. கூடத்தில் அக்கா மறுபடி ஆண் குரலுக்கு வந்திருந்தார், ஆனால் பாதிச் சத்தத்தில்.

மூன்று மணிக்கு அக்கா அடுப்படியிலிருந்து ஒரு தட்டோடு நடைக்கு வந்தார். தங்க விளிம்புத் தட்டு. அதில் வாட்டிய கோழிக்கால், வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு, ஓரத்தில் தோண்டாத பக்கத்துக் கேக். குனிந்து அதை உள் அறை வாசலில் தரையில் வைத்தார். கதவை ஒரே ஒரு விரலால், ஒரே ஒரு தரம் தட்டினார். தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டதோ என்னவோ, உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் காலும் பச்சைக் காலும் நுனியில் ஊன்ற, ஓசைப்படாமல் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்.