கம்பியூட்டருக்கு "மதக" வாங்கிய கதை

எனக்குப் பொறுமை கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் சோதிப்பதற்கென்றே அந்தப் பழைய கம்பியூட்டர் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். ஆன்லைனில். தான் தயாரித்த பாடத்தைத் திரையில் போட்டு நடத்திக் காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தாள். பாடத்தைத் திறந்ததும் அவள் முகம் வாய் பிளந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டது. கம்பியூட்டர் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"அதுக்கு ராம் பத்தல அண்ணே, ஞாபகசக்தி கொறவு. அடிச்சா கூடிருமா?"

மறுநாள் ருவான்வெல்லையில் பஸ் ஏறிக் கேகாலைக்குப் போனேன். பழைய கம்பியூட்டர் சாமான் விற்கும் கடை. ராம் என்று கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். கம்பியூட்டரிலிருந்து கழற்றிய பழைய ராம் பையில் இருந்தது, அதையாவது நீட்டியிருக்கலாம். எனக்குத்தான் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிராச்சே. சுத்தச் சிங்களத்தில் "மதக" வேண்டும் என்றேன். ஞாபகம் என்று அர்த்தம்.

கடைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "யார் தவறினது?" என்று சிங்களத்திலேயே கேட்டார். சிங்கள இழவு வீட்டில் பிக்குமாருக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணிக்கும் மதக என்றுதான் பேர். "துணிக்கடை பக்கத்துல" என்று கையையும் காட்டினார்.

மண்டை கொதித்தது. "கம்பியூட்டர்தான் சாகக் கெடக்குது!" என்று கத்தினேன். அவர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். பழைய ராமை வாங்கிப் பார்த்து, அதே வகையில் ஒன்று தேடி எடுத்துத் தந்தார்.

வீட்டில் இரண்டையும் சொருகி சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு. பீப் பீப் என்று கத்தல் மட்டும்.

"கொன்னுட்டீங்களா?" தங்கச்சிக்கு அழுகை முட்டியது. நான் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ராம் இரண்டையும் கழற்றி, அழுக்கேறிய மஞ்சள் பற்களை அழிரப்பரால் தேய்த்தாள்.

"ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ரப்பர மறந்துட்டீங்க. ம், இப்ப திரும்பச் சொருகி அழுத்துங்க. கோவத்த அதுல காட்டுங்க."

அழுத்தினேன். இரண்டு ஓரத்துக் கொக்கிகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. பாடம் திறந்தது. அவள் கையசைத்தாள், திரையில் இருந்தவளும் உடனே கையசைத்தாள். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பிரா வீடுகளில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் வாசலில் நின்று, கோழிகளை வாயைத் திறக்காமல் விரட்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றைக்குத்தான். திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தங்கச்சிக்கு வேலைக் கடிதம் வந்ததும் போட்டோக் கொப்பி எடுக்கக் கேகாலைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"இழவு வீடு முடிஞ்சிதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பொணம் எந்திரிச்சுப் பாடம் நடத்திருச்சு, முதலாளி!"