குட்டிக்காகச் சுத்தமான கரை

கோவிந்தம்மாவுக்கு அன்று காலையில் கஞ்சி இறங்கவில்லை. கருவாடு காயப்போடும் மணல்மேட்டில் நின்றுகொண்டு, குப்பத்து ஆண்கள் கரையில் குனிந்து குனிந்து பேத்தை மீன் பொறுக்குவதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் குமட்டியது. மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மீனால் குமட்டுமா? மனிதர்களைப் பார்த்துத்தான் குமட்டியது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டில் அவர்களுடைய குப்பம். கரைவலை இழுத்தால் நல்ல மீனோடு பேத்தையும் வரும். தொட்டால் வயிற்றை ஊதிக்கொள்கிற விஷ மீன். வலையை உதறும்போதே அதைக் கரையில் வீசிவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். குப்பத்து நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். எந்த நாயும் தொடாத மீனால் யாருக்கு என்ன கேடு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் அதை ஊதவிட்டுக் காலால் உதைத்து விளையாடும்.

கோவிந்தம்மாவின் ஒரே மகள் அஞ்சலையும் அப்படி விளையாடியவள்தான். ஒரு நாள் பேத்தை ஒன்றின் வயிற்றில் சினை கொழுத்திருக்கக் கண்டு, எடுத்து அடுப்பில் சுட்டுத் தின்றுவிட்டாள். முதலில் உதடு மரத்துப்போச்சு என்றாள். அப்புறம் கால் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

காரியம் முடிந்த கையோடு கோவிந்தம்மா ஊர்ப் பெரியதனக்காரர் சுப்பராயலுவிடம் போனாள்.

"மாமா, பேத்தைய கரையில போடாம குழி வெட்டிப் பொதைக்கச் சொல்லுங்க. இன்னும் எத்தினி புள்ளைங்க இருக்குது இங்க."

"வலைய காய வைக்கவே ஆம்பளைக்கு நேரமில்ல, குழி எவன் வெட்டுவான்?" என்றார் சுப்பராயலு. "அதுக்கு விதி முடிஞ்சிபோச்சி. இன்னா பண்றது, மனச தேத்திக்கோ."

அவள் மனத்தைத் தேற்றிக்கொள்ளவில்லை. தானே கூடையைத் தூக்கிக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தாள். ஒருத்தி பொறுக்கிப் புதைப்பதற்குள் பத்துப் பேர் வீசிவிட்டுப் போனார்கள். பக்கத்துக் குடிசைப் பொன்னுரங்கம் அவளுக்குப் பேத்தைக்காரி என்று பெயர் வைத்தான். ஊரே சிரித்தது. புருஷன் குப்பன்கூட, "வுட்டுத்தொலைடி, மானம் போவுது" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஊர் முகங்களே பிடிக்காமல் போயின. நல்லது கெட்டதுக்குப் போவாள். யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் சுப்பராயலுவுக்கு நாய் ஆசை வந்தது. ஏரியில் ஒல்லாந்த அதிகாரிகள் வாத்து வேட்டை ஆடியபோது அவர்தான் தோணி ஓட்டினார். சுடப்பட்டு விழுந்த வாத்தை, பொன்னிற மயிரும் தொங்கு காதும் கொண்ட ஒரு நாய் நீந்திப்போய், பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. மனிதருக்கு அன்றிரவு தூக்கம் போய்விட்டது. அப்படி ஒன்று தன் வாசலில் படுத்திருந்தால் சுற்றியுள்ள குப்பமெல்லாம் வாயைப் பிளக்காதா?

அந்த நாயை வளர்த்தவள் ஆரோக்கியமேரி. பீரங்கிக்கார ஒல்லாந்தன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் காய்ச்சலில் போன பிறகு, அவன் விட்டுப்போன நாய்களோடு கோட்டைத் தெருவில் இருந்தாள். தாய் நாயின் உடம்பு தேறாமல் மறு ஈற்றுக்கு விடமாட்டாள். பால்குடி மறக்காத குட்டியை அதிகாரியே கேட்டாலும் தரமாட்டாள். குட்டி போகிற வீட்டைத் தானே போய்ப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவாள். முன்பு வேறொரு குப்பத்துக்குக் கொடுத்த குட்டி, கண்டதையெல்லாம் கவ்வுகிற ஜாதிக் குணத்தால் பேத்தையையும் கவ்விச் செத்துப்போயிருந்தது.

"உங்க கரையில பேத்தை கெடக்குமா?" என்றுதான் அவள் சுப்பராயலுவிடம் முதலில் கேட்டாள்.

"கெடக்கும். நாய் தின்னாதே அத."

"உங்க நாய் தின்னாது. என் நாய்க்குத் தெரியாது. கரைய சுத்தமா வைங்க, வந்து பாக்கறேன்."

ஊருக்குத் திரும்பியதும் சுப்பராயலு கூட்டம் போட்டார். ஏரியில் யார் எந்த நாள் வலை போடலாம் என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். அது போனால் அடுப்பு எரியாது.

"இனிமே எவனாச்சும் பேத்தைய கரையில போட்டா அவனுக்குப் பாடு கெடையாது" என்றார். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. மறுநாள் விடிந்ததும் ஊரே குழி வெட்டியது. அந்த ஒரு வார்த்தைக்காகக் கோவிந்தம்மா அவர் வாசலில் எத்தனை தடவை அழுதிருப்பாள்! காசு பணமா கேட்டாள்?

அந்தக் காலையில்தான் கோவிந்தம்மா கஞ்சி இறங்காமல் மணல்மேட்டில் நின்றாள். பொன்னுரங்கம் அங்கே ஏறி வந்தான். "அக்கா, உன் கூடைய குடேன். குட்டி வருதாம்."

"த்தூ, போடா அந்தாண்ட" என்றாள் அவள். கூடையைக் கொடுக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஆரோக்கியமேரி தோணியில் வந்து இறங்கினாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொன்னிறத் தலை எட்டிப் பார்த்தது. சுப்பராயலு முன்னால் ஓடி வரவேற்றார். அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் கரை நெடுக நடந்தாள். குடிசைகளுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். கடைசியில் கோவிந்தம்மா நின்ற மணல்மேட்டுக்கு வந்து குட்டியைக் கீழே விட்டாள். அது ஓடிப்போய் ஒரு கிளிஞ்சலைக் கவ்விக்கொண்டு வந்து கோவிந்தம்மாவின் காலடியில் போட்டு, அடுத்ததைத் தேடி ஓடியது. அதன்மேல் கோபப்படக் கோவிந்தம்மாவால் முடியவில்லை. அதுவும் குழந்தைதான், வாயில் போடுவது எது என்று அதற்கென்ன தெரியும்?

"ஆம்பளைங்க பேச்ச நம்பி ஒரு தபா ஏமாந்துட்டேன்மா" என்றாள் மேரி. "நீ சொல்லு. கரை எப்பவும் இப்டித்தான் இருக்குமா?"

சுப்பராயலு கண்ணால் கெஞ்சினார். அந்தக் கெஞ்சலைப் பார்க்கக் கோவிந்தம்மாவுக்கு அருவருப்பாக இருந்தது.

"இல்லம்மா. நாலு நாளாத்தான். குட்டி வருதுன்னு பொறுக்கினாங்க."

மேரி குட்டியைத் தூக்கிக்கொண்டு தோணிப் பக்கம் திரும்பினாள். கோவிந்தம்மாவின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. நன்றாக வேண்டும் இவர்களுக்கு. அப்போதுதான் தண்ணீர் ஓரமாகக் குந்திக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் மகள் கண்ணில் பட்டாள். குட்டி போய்விட்டால் நாளைக் காலையில் இதே கரையில் மறுபடியும் பேத்தை கிடக்கும்.

"நில்லும்மா" என்றாள் கோவிந்தம்மா. "குட்டிய குடுத்துட்டுப் போ."

"ஏமாத்தப் பாத்த ஊருக்கா?"

"எம்பொண்ணு இந்தப் பேத்தைய தின்னுதான் செத்தா. அதுக்கு ஒருத்தனும் குனியல. உன் குட்டிக்கு ஊரே குனிஞ்சிது. அது இங்க இருக்கற வரைக்கும் இவனுங்க பேத்தைய கரையில போடமாட்டானுங்க. மத்த புள்ளைங்களாவது பொழைக்கட்டும். குடும்மா."

பொன்னுரங்கம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேரி தோணிப் பக்கமிருந்து திரும்பினாள். பிறகு சுப்பராயலுவிடம் வந்தாள்.

"சொல்லாம கொள்ளாம வருவேன். இந்தம்மா ஒரு பேத்தைய பாத்தேன்னு சொல்லி அனுப்பினா, அன்னிக்கே வந்து தூக்கினு போயிடுவேன்."

"சரிம்மா, சரிம்மா" என்று சுப்பராயலு இரண்டு கையையும் நீட்டினார். குட்டி கைமாறியதும் ஆண்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் அதன் காதைத் தடவினான், ஒருவன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். சற்றுமுன் கோவிந்தம்மா சொன்ன வார்த்தை அதற்குள் அவர்களுக்கு மறந்துபோய்விட்டது.

கூச்சல் கேட்டுப் பொன்னுரங்கத்தின் மகளும் குட்டியைப் பார்க்க ஓடி வந்தாள், வெறுங்காலோடு, கரை நெடுக. கோவிந்தம்மா அவள் கால் படுகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கும் மணல் மட்டுமே கிடந்தது. வாயில் கசந்து ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.